லைசென் வரும் வரை

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நல்லம்மாள் அக்கா குடிவந்தது 1977ஆம் ஆண்டு. வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோடு வாத்துகளுக்காகச் சண்டை போட்டார். அடுத்த வாரம் அதே அம்மாவின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், பெரிய குரல். நர்ஸ்மார் குத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்று புடவையின் தோளில் தலைகீழாகத் தொங்கும். வேலையை விட்டாலும் அதை மட்டும் அவர் கழற்றவில்லை.

அவர் வேலை பார்த்தது தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனையில். பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப்பெயரைத் திட்டுவதற்குத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். அக்காவுக்கோ அது இருபத்தேழு வருடம் சோறு போட்ட இடம். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். பதினெட்டு வயதில் துணி துவைக்கும் அட்டெண்டன்டாகச் சேர்ந்து, மருந்து அட்டைகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி, முப்பது வயதில் பரீட்சை எழுதி நர்ஸ் ஆனவர். கணவர் ரயில்வேயில் இருந்தார், இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. நாற்பத்தைந்து வயதில் பெண்கள் விருப்ப ஓய்வு பெறலாம் என்றதும் எழுதிக் கொடுத்துவிட்டு லகாட்டுக்கு வந்துவிட்டார்.

ஓய்வு என்று அவர் நினைத்தது ஆறு மாதம்தான் நீடித்தது.

ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகம்மது கௌஸ் நானா ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றார். அவர் மனைவி ஆமினாவுக்குக் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஊரு ஒரு மாதிரியா பேசும் மிஸ்ஸி. நீங்க ஒரு வாட்டி வந்து பாருங்களேன்" என்றார். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா போனார். எதையும் கேட்கவில்லை. கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயம் ஒரு கூடை இருந்தது. ஆமினாவுக்கு எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். நான்கு நாள் மத்தியானமும் இதே வேலை. இரண்டாம் நாள் ஆமினாவும் கை கொடுத்தாள். ஐந்தாம் நாள், வெங்காயத்தைப் பார்த்தபடியே, "பிள்ளைக்குப் பேரு வச்சிருந்தேன் அக்கா" என்றாள்.

"என்னா பேரு?"

"நஸீரா."

"நல்ல பேரு" என்று சொன்ன அக்கா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தூக்கமில்லாதவர்கள், காரணமில்லாமல் அழுகிறவர்கள், தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஈப்போவுக்கு வேலை தேடி வந்து பேச ஆளில்லாமல் போனவர்கள். அக்கா போர்டு எதுவும் போடவில்லை. வந்தவர்கள் கையில் கீரையையோ பயற்றங்காயையோ கொடுத்து ஆயச் சொல்வார். கை வேலை செய்தால் வாய் திறக்கும் என்பது அவர் அனுபவம். இது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம் என்று பட்டால் அவரே கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார், ஆஸ்பத்திரி வரிசையில் கூடவே நிற்பார்.

நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். அக்காவுக்குச் சுராட், அதாவது கடிதம், எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். "மங்களம், ஒரு லெட்டர் லா" என்ற குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். இங்கே சொல்லப்போவதில் பாதி நான் தட்டச்சு செய்தது, மீதி நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

சீனி அண்ணன் 1980இல் வந்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து மரம் ஏற்றும் லோரி டிரைவர். ஒரு மாதம் தூங்காமல் பாடிக்கொண்டே லோரி ஓட்டுவார், அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அவர் மனைவி வீரம்மா அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா பத்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்கிட்ட முடியாது. டாக்டரப் பாக்கப் போலாம்" என்று சொல்லிவிட்டார். போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நான்கு வருடம் சீனி அண்ணன் நன்றாக இருந்தார். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வருவார். அவர் சொல்லும் ஒரே குறை, மாத்திரையால் கை லேசாக நடுங்குகிறது என்பதுதான்.

1984இல் ஈப்போவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் புதிய போர்டு ஒன்று தொங்கியது. "புரொபசர் ஐயாவு, மனோதத்துவ நிபுணர். கவலை, பயம், கைநடுக்கம், கெட்ட பழக்கம் அனைத்துக்கும் மருந்தில்லாச் சிகிச்சை." கைநடுக்கம் என்ற சொல் சீனி அண்ணனை இழுத்துவிட்டது.

புரொபசர் அவரை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அது நல்ல விஷயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த மாத்திரைதான் உங்க மனசக் கட்டிப் போட்டிருக்கு. தூக்கிப் போட்டுட்டு வாங்க, மூனே வாரத்துல கை நிக்கும்" என்றும் சொன்னார்.

கை நின்றது. மூன்றாவது வாரக் கடைசியில் சீனி அண்ணனின் தூக்கமும் நின்றது. வீரம்மா பதறி எங்கள் ஊருக்கு வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ஒரு நாள் பட்டப்பகலில் செமோர் பக்கம் லோரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குட்டைக்குள் நடந்து போய்விட்டார். கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு சீனர்கள் குதித்து இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது.

செய்தி கேட்ட அன்று அக்கா வாத்துகளுக்குத் தீனி கூட வைக்கவில்லை. மறுநாள் காலை வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, "மங்களம், லீவு போடு" என்றார்.

வீரம்மாவும் நாங்களும் முதலில் போனது என் முதலாளி வக்கீலிடம். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். டாக்டர் என்று போட்டிருந்தால் பிடிக்கலாம், ஊசி போட்டிருந்தால், மருந்து விற்றிருந்தால் பிடிக்கலாம் என்றார். "இந்த ஆளு வாயால பேசியிருக்கான், அவ்வளவுதான். மனோதத்துவ நிபுணர்னு யார் போட்டுக்கலாம், யார் போட்டுக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல இன்னும் சட்டம் இல்லம்மா."

வீரம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. "எம் புருஷன் லோரி ஓட்டறதுக்கு கவர்மெண்டு லைசென் கேக்குது. ஒருத்தன் மனசுக்குள்ள கைய விட்டுக் கிண்டறதுக்கு ஒன்னும் கேக்காதா?" என்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போலீஸிலும் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். கடைசியாக அக்கா ஒரு சுகாதார அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த மலாய்க்கார அம்மா நல்ல மனுஷி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "உங்களுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் மக்சிக்?" என்று மலாயில், அத்தை முறை வைத்துக் கேட்டார். அக்கா தான் நர்ஸ் என்றும், வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்ப்பதாகவும் பெருமையாகவே சொன்னார்.

"அப்படியானால் இந்த வருடத்துச் சான்றிதழைப் புதுப்பித்திருப்பீர்கள், இல்லையா? எண்ணைச் சொல்லுங்கள், புகாரில் போட்டுக்கொள்கிறேன்."

அந்த அம்மா குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. நர்ஸாக வேலை செய்ய வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழை அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்தே விட்டுவிட்டார். ஏழு வருடம். "இல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டை இழுத்துப் பூட்டினார். மறுநாள் வந்தவர்களிடம் கம்பிக்கு உள்ளேயிருந்து, "இப்ப பாக்கறதில்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் இதே கதை. ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள்.

ஆமினா மட்டும் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் அக்கா, லைசென் வச்சிருக்கவங்ககிட்டதான் அழுவணுமா?"

அக்கா பூட்டைத் திறக்கவில்லை, ஆனால் கேட் பக்கத்தில் வந்து நின்றார். "யாருகிட்ட வேணும்னாலும் அழலாம் ஆமினா. ஆனா நான் கேட்டுட்டு சும்மா இருக்கறதில்லையே. இதச் செய், அதச் செய்யாதன்னு சொல்றேன். தப்பா சொல்லிட்டா என்னைய யாரு கேப்பா?"

"நீங்க தப்பா சொன்னதில்லையே."

அக்கா திரும்பி உள்ளே போய்விட்டார். அதற்குரிய பதில் அன்று சாயங்காலம் எனக்குத்தான் கிடைத்தது. சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பத்தை விட்டுவிட்டு ராக்காயியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ராக்காயி என்ற பெண் 1979இல் வந்தாளாம். தாயைப் பறிகொடுத்தவள். தலைவலி, வாந்தி, அழுகை. துக்கம்தான் காரணம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். நாலு மாதம் கீரை ஆய்ந்தபடி பேசிப் பேசி ஆற்றினார். ஐந்தாம் மாதம் அவளுக்குப் பார்வை மங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். தலைக்குள் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள். ஒரு கண் போய்விட்டது.

"அவ என்னைய ஒரு வார்த்த சொல்லல மங்களம். அவ அப்பாவும் சொல்லல. கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து வச்சாங்க. நானும் அத யாருகிட்டயும் சொல்லல. அந்த ஐயாவு மேல கோவத்தோட கெளம்பினேன்ல, அந்த அம்மா நம்பர் கேட்டதும் ராக்காயி மூஞ்சிதான் முன்னாடி வந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பேர் கையைப் பிடித்த கை. யாரும் பிடித்துப் பழக்கமில்லாதது போல முதலில் விறைத்திருந்தது, பிறகு தளர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "எழுது லா" என்றார். எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஐயாவுவைப் பார்க்கப் போனோம். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். ஐயாவுவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். சுவரில் சட்டம் போட்ட நாலைந்து சான்றிதழ்கள். எல்லாம் தபாலில் படித்து வாங்கியவை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். தோட்டத்தை விற்றதும் வேலை போய், ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது இந்த மூச்சுப் பயிற்சிதான் தன்னை எழுப்பியது என்றார். "எனக்கு ஆச்சு அக்கா. அதான் மத்தவங்களுக்கும் ஆகும்னு..." அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்கா சீனி அண்ணன் பெயரைச் சொன்னார். நடந்தது அவருக்குத் தெரியவில்லை. குணமாகிவிட்டதால் வரவில்லை என்று நினைத்திருக்கிறார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரில விசிட்டிங். வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா எழுந்தார்.

ஐயாவு வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வார்டில் சீனி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மறுபடி மாத்திரை தொடங்கியிருந்ததால் பேச்சு மெதுவாக வந்தது. வீரம்மா பக்கத்தில் இருந்தார். ஐயாவுவைப் பார்த்ததும் வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனி அண்ணனோ எழுந்து நிற்கப் பார்த்தார்.

"புரொபசர், நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். ஒரு நாள் கூட விடல. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

ஐயாவு ஆரஞ்சுப் பையைக் கட்டில் மேல் வைக்கப் போய், பை சாய்ந்து பழங்கள் தரையில் உருண்டன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எல்லாம் பொறுக்கிய பிறகும் நிமிரவில்லை. கட்டிலடியில் அப்படியே உட்கார்ந்து சீனி அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தப்பு பண்ணல அண்ணே. நான்தான். நான்தான் அண்ணே" என்றார்.

சீனி அண்ணன் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். பிறகு நடுங்கும் கையை ஐயாவுவின் தலையில் வைத்தார். வீரம்மா எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டார். அவர் மன்னிக்க ரொம்ப நாள் ஆனது, அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை.

வெளியே மரத்தடியில் ஐயாவு கேட்டார்: "அக்கா, நான் இப்ப என்னா செய்யணும்?"

"எனக்கு இன்னும் லைசென் வரல. யோசனை சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் தெரிந்ததும் அக்காவே மனம் பொறுக்காமல், "ஆனா, அந்தப் போர்டுல இருக்கறதுல எது உண்மைன்னு நீங்களே ஒரு வாட்டி வாசிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் போகும் வழியில் மேலே பார்த்தேன். "புரொபசர்" மேல் வெள்ளைச் சாயம். "நிபுணர்" மேலும். அடுத்த வாரம் போர்டே இல்லை. ஐயாவு பழைய தோட்டங்களுக்குப் போய், தான் பார்த்த ஒவ்வொருவரையும் தேடி, மாத்திரையை நிறுத்தச் சொன்னது தவறு என்று நேரில் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு பேர். ஒருவர் அடித்திருக்கிறார். இருவர் கதவைத் திறக்கவில்லை. மற்றவர்களை அவரே டாக்டரிடம் கூட்டிப் போனார். அப்படிப் போனது பழக்கமாகி, மாதாமாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பஸ்ஸில் கூட்டிச் சென்று கூட்டி வருவது அவர் வேலையானது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மரக்கடையில் கணக்கெழுதினார். மூச்சுப் பயிற்சியைப் பஸ்ஸில் கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லித் தந்தார் என்று கேள்வி.

அக்காவின் சான்றிதழ் வர நான்கு மாதம் ஆனது. கடந்த வருடங்களுக்கு விளக்கம் கேட்டார்கள். நான் மூன்று கடிதம் தட்டச்சு செய்தேன். "வீட்டில் ஆலோசனை சொல்லி வந்தேன், அது தவறு என்று அறிந்து நிறுத்திவிட்டேன்" என்ற வரியை எடுத்துவிடலாம் அக்கா, அவர்களாகக் கேட்கவில்லையே என்று கெஞ்சினேன். விடவில்லை. அந்த நான்கு மாதமும் கேட் பூட்டித்தான் இருந்தது. ஆமினா மட்டும் தினமும் வந்தாள். அழுவதற்கு வரவில்லை, அக்காவுக்குச் சோறு கொண்டுவந்தாள். கம்பி வழியாகப் பாத்திரம் கை மாறும். கடைக்கு யார் யார் வந்தார்கள், மீன் என்ன விலை என்று அவள்தான் பேசுவாள், அக்கா கேட்டுக்கொண்டிருப்பார்.

சான்றிதழ் வந்தும் அக்கா பழையபடி வீட்டில் தொடங்கவில்லை. செமோரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சதாசிவத்திடம் போனார். "எனக்கு மேல ஒரு ஆள் வேணும் டாக்டர். நான் பாக்கறவங்கள நீங்களும் ஒரு தடவ பாக்கணும். நான் தப்புப் பண்ணா கேக்கணும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, பின்கட்டில் ஒரு சிறிய அறையை ஒழித்துக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் அக்கா அங்கே உட்கார்ந்தார். மேசையில் கீரைக்கட்டு உண்டு. தலைவலி என்று யார் சொன்னாலும் முதலில் டாக்டர் அறைக்கு அனுப்பிவிடுவார்.

மனநல ஆலோசனை சொல்கிறவர்களுக்குப் பதிவு வேண்டும் என்று கேட்டு வருடத்துக்கு ஒரு கடிதம் என்னிடம் எழுதி வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, "எடுத்துக்கட்டும், எடுத்துக்கட்டும்" என்பார். அதற்கெல்லாம் சட்டம் வருவதற்கு இன்னும் நெடுநாள் இருந்தது.

சீனி அண்ணனுக்கு லோரி ஓட்ட டாக்டர் அனுமதி தரவில்லை. இரண்டு வருடம் மரக்கிடங்கில் பலகை அடுக்கினார். பிறகு ஒரு நாள் டாக்டரின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். லோரி இல்லை, வேன் ஓட்டலாம். 1987இலிருந்து சனிக்கிழமை காலையில் அவர் வேன் எங்கள் வீட்டு வரிசையில் வந்து நிற்கும். அக்கா முன்சீட்டில் ஏறுவார், எனக்கு லீவு இருந்தால் நான் பின்னால்.

திரும்பி வரும்போது அக்கா களைத்திருப்பார். ஈப்போ தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். ஒரு முறை பின்னால் வந்த கார் ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. "வேகமா போங்க அண்ணே, ஏசப் போறான்" என்றேன்.

"போனா போறான் லா" என்றார் சீனி அண்ணன், ஒரு கையால் வேனை ஓரம் கட்டி வழி விட்டபடி. "அக்கா தூங்குறாங்க. மெதுவா போலாம்."